மஞ்சள் கல்லும் இரண்டு சென்டிமீட்டரும்: அக்காவோடு ஜப்பானில்

முதல் நாள், டோக்கியோ

வந்து சேர்ந்துவிட்டோம். திருச்சி, சென்னை, சிங்கப்பூர், ஹனேடா என்று ஒரு பகலும் ஓர் இரவும் போய்விட்டது. தூக்கக் கலக்கத்தில் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்காவை முதலில் அறிமுகப்படுத்திவிடுகிறேன். இரண்டு வயதில் போலியோ, இப்போது வயது ஐம்பத்து நான்கு, வங்கியில் வேலை. பள்ளிக்கூடத்துக்கு அப்பா தூக்கிக்கொண்டு போனார், கல்லூரிக்கு நான் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போனேன், அப்புறம்தான் சக்கர நாற்காலி வந்தது. எங்காவது ஊர்சுற்றப் போகலாம் என்று பத்து வருடமாகப் பேச்சு. எந்த ஊர் லாட்ஜுக்குப் போன் போட்டாலும் பதில் ஒன்றுதான்: "படி கொஞ்சம்தான் சார், நாலு பேர் பிடிச்சா தூக்கிடலாம்." அக்கா போனைப் பிடுங்கி வைத்துவிடுவாள். "நாலு பேர் தூக்குற நேரம் எனக்கு இன்னும் வரலடா" என்பாள். போனால் லிஃப்ட் இருக்கிற ஊருக்குத்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நின்று (இதை எழுதியதற்கு அவளே சிரிப்பாள்) பிடித்த ஊர் ஜப்பான்.

விமானத்தில் ஆரம்பித்தது வம்பு. எந்த கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. நாற்காலியைச் சரக்கோடு சரக்காக அனுப்பி, பெல்ட்டில் சுற்றிவரும்போது பார்த்தால் இடது கால் பலகை வெளிப்பக்கமாக வளைந்து கிடக்கிறது. உங்கள் காலை ஒருவர் வளைத்துத் தந்தால் எப்படி இருக்கும்? விமான நிலைய ஊழியர் ஒருவர் ஸ்பானரோடு வந்து, தரையில் மண்டியிட்டு, கால் மணி நேரம் தட்டித் தட்டி நிமிர்த்தினார். முழுசாக நேராகவில்லை, ஆனால் ஓடும்.

அங்கிருந்து அசாகுசா என்ற பழைய பேட்டைக்கு ரயில். டிக்கெட் கேட் பக்கம் போனதுமே ஊழியர் வந்து எங்கே இறங்குவீர்கள் என்று கேட்டார். ஒரு மடிப்புப் பலகையைக் கையில் இடுக்கிக்கொண்டு எங்களோடு நடந்தார், ரயில் வந்ததும் பிளாட்பாரத்துக்கும் பெட்டிக்கும் நடுவே அதை விரித்தார், அக்கா ஏறினாள், பலகையை மடித்துக்கொண்டு போனில் ஏதோ சொன்னார். இறங்கும் ஸ்டேஷனில் கதவு திறக்கும்போது சரியாக அதே கதவுக்கு எதிரே இன்னொரு பலகையோடு இன்னொருவர் நிற்கிறார்! எத்தனையாவது பெட்டி, எத்தனையாவது கதவு என்பதுதான் அந்தப் போன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இரக்கம் இந்த மக்களின் ரத்தத்திலேயே ஓடுகிறது போலிருக்கிறது.

ஹோட்டல்தான் சொதப்பல். பழைய கட்டடம். 2019 செப்டம்பரிலிருந்து 50 அறையாவது உள்ள பெரிய ஹோட்டலைப் புதிதாகக் கட்டினால் நூற்றுக்கு ஓர் அறையாவது சக்கர நாற்காலி புழங்கும்படி இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது, இது அதற்கு முந்தைய பிறவி. குளியலறை என்பது ஒரே அச்சில் வார்த்த பிளாஸ்டிக் பெட்டி. அந்தப் பெட்டியை அப்படியே அறைக்குள் கொண்டுவந்து வைத்த மாதிரி இருப்பதால் அதன் தரை நம் தரையைவிட ஒரு சாண் உயரம். கதவு அகலம் நாற்காலியைவிட நாலு விரற்கடை குறைவு. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. மேசைக்கடியில் இருந்த முக்காலியை வாசலில் போடச் சொன்னாள், நாற்காலியிலிருந்து முக்காலி, முக்காலியிலிருந்து தொட்டியின் விளிம்பு என்று கைகளாலேயே நகர்ந்து உள்ளே போய்விட்டாள். ஐம்பது வருடப் பழக்கம். வெளியே வந்ததும் கேட்டாள்: "ஷாம்பு பாட்டில் பக்கவாட்டுல வரிவரியா இருக்கே, கவனிச்சியா?" ஷாம்பு எது, கண்டிஷனர் எது என்று கண்ணைத் திறக்காமல் தெரிய வைத்த வரிகள் அவை. காவோ என்ற கம்பெனி 1991இல் கொண்டுவந்து மற்ற கம்பெனிகளும் பின்பற்றின. பார்வை இல்லாதவர்களுக்காக யோசித்தது. ஆனால் தலையில் நுரையோடு கண்ணை மூடிக்கொண்டு துழாவும்போது எல்லாருமே அந்தக் கட்சிதானே.

இரண்டாம் நாள், டோக்கியோ

காலையில் காபி குடித்துக்கொண்டே நேற்றைய பதிவை அக்கா படித்தாள். "இரக்கம் ரத்தத்துல ஓடுதா?" என்று ஆரம்பித்தாள். "அந்தப் பையன் பலகை போட்டது இரக்கத்துலயா? அது அவன் வேலைடா, சம்பளம் வாங்குறான். நான் கவுண்டர்ல பணம் எண்ணிக் குடுக்கிறேனே, அது இரக்கமா?" அந்த வரியை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், இருக்கட்டும், நீ எவ்வளவு அசடு என்று நாலு பேருக்குத் தெரியட்டும் என்றாள். அதனால் இருக்கிறது.

சென்சோஜி கோயிலுக்குப் போனோம். பெரிய சிவப்பு விளக்குத் தொங்கும் வாசல், அதிலிருந்து இருநூற்றைம்பது மீட்டர் கடைத்தெரு. சமயபுரம் சந்நிதித் தெரு மாதிரிதான், பொரிக்குப் பதில் அரிசி பிஸ்கட். பிரதான மண்டபத்துக்கு அகலமான உயரமான படிகள். சரி, கீழேயிருந்து கும்பிட்டுவிட்டுப் போகலாம் என்று நான் அக்காவைத் திருப்பும்போது அவள் பக்கவாட்டில் கையைக் காட்டினாள். லிஃப்ட்! இந்த மண்டபம் 1945 மார்ச் குண்டுவீச்சில் எரிந்துபோய் 1958இல் கான்கிரீட்டில் திரும்பக் கட்டியது, அதனால் லிஃப்ட் வைப்பதில் பெரிய சிக்கல் இல்லை என்று நான் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன், அக்கா அதற்குள் மேலே போய் சாமி முன்னால் நின்றுவிட்டாள். கொஞ்சம் நேரம் கழித்து, "நேரா, தனியா, யாரும் தூக்காம சாமி பார்த்து எத்தனை வருஷமாச்சு" என்றாள். அதற்கு என்ன பதில் சொல்வது.

கழிப்பறையைப் பற்றி எழுதாமல் இந்தக் கட்டுரை முடியாது. ஸ்டேஷன்களில் 'தாரேதெமோ தொய்ரே' என்று ஓர் அறை, 'எல்லாருக்குமான கழிப்பறை' என்று அர்த்தம். நம் வீட்டு சமையலறை அளவு. நாற்காலி முழுவட்டம் திரும்பும். எல் வடிவக் கைப்பிடி, குழந்தையை உட்காரவைக்கும் தொட்டில், பெரியவர்களைப் படுக்கவைத்து உடை மாற்ற மடிப்புக் கட்டில், வயிற்றில் பை பொருத்தியவர்கள் கழுவத் தனித் தொட்டி. அக்கா எனக்குக் காட்டிய விஷயம் வேறு. காகிதச் சுருளுக்கு நேர் மேலே தண்ணீர் விடும் பொத்தான், அந்தப் பொத்தானுக்குப் பக்கத்தில் அதே உயரத்தில் உதவிக்கு அழைக்கும் பொத்தான். இந்த மூன்றின் இடத்தையும் 2007இல் தேசியத் தரமாக எழுதி வைத்துவிட்டார்கள். பார்வையில்லாத ஒருவர் எந்த ஊர்க் கழிப்பறைக்குப் போனாலும் கை நீட்டினால் அதே இடம். இல்லாவிட்டால் தண்ணீர் விட நினைத்து அபாயமணியை அடித்து ஊரைக் கூட்ட வேண்டியதுதான். நான் நேற்று ஹோட்டல் வரவேற்பறைப் பக்கம் அதைத்தான் செய்தேன், அது வேறு கதை.

ஆனால் 'எல்லாருக்கும்' என்று பெயர் வைத்ததே வம்பாகியிருக்கிறது. இடம் தாராளமாக இருக்கிறதே என்று உடை மாற்றவும் ஒப்பனை போடவும் எல்லாரும் உள்ளே போய்விட, அது ஒன்றை மட்டுமே நம்பி இருக்கிறவர்கள் வெளியே காத்துக்கிடந்தார்கள். 2021இல் அரசாங்கமே, இனி அந்தப் பெயரை வைக்காதீர்கள், யாருக்கு என்ன வசதி உள்ளே இருக்கிறது என்று மட்டும் எழுதுங்கள் என்று வழிகாட்டு நெறியை மாற்றியது. இன்று மதியம் எங்களுக்கும் பன்னிரண்டு நிமிடம். கதவு திறந்து ஒரு பையன் புது சட்டையோடு வெளியே வந்தான்.

பலகை வைக்க ஆள் வரும்வரை காத்திருப்பதும் அப்படித்தான். ஒரு ஸ்டேஷனில் நாலு ரயிலை விட்டோம். இறங்கப்போகும் ஸ்டேஷனில் ஆள் தயார் என்று பதில் வந்தால்தான் ஏற்றுவார்கள். நேற்று என்னைக் கண்கலங்க வைத்த அதே ஏற்பாடு இன்று கடுப்பேற்றியது. அக்கா மட்டும் நிதானமாக இருந்தாள், அவளுக்குக் காத்திருந்து பழக்கம்.

டோக்கியோவில் ஜேஆர் ரயில், மெட்ரோ டிக்கெட்டில் 10 யென் கூடுதலாக வாங்க ஆரம்பித்தார்கள், 2023 மார்ச் 18 முதல். லிஃப்டுக்கும் பிளாட்பாரக் கதவுகளுக்கும் அந்தப் பணம். ஓடி ஏறுகிறவனும் கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடு. அந்த மார்ச் 18ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

மூன்றாம் நாள், கவாசாகி

"கவாசாகி போகணும்" என்றாள் அக்கா. மோட்டார் சைக்கிளா என்றேன். இல்லை, பஸ் ஸ்டாண்டாம்! சுற்றுலாப் பட்டியலில் யாராவது பஸ் ஸ்டாண்டைப் போடுவார்களா? டோக்கியோவுக்கும் யோகோஹாமாவுக்கும் நடுவில் தொழிற்சாலைகள் நிறைந்த ஊர் அது. போனோம்.

ரயில் நிலையத்துக்கு வெளியே பேருந்துகள் வரிசையாக வந்து நிற்கும் இடம். கடைகள், அவசரமாக நடக்கும் கூட்டம், வேறொன்றும் இல்லை. அக்கா நாற்காலியை ஓரமாக நிறுத்தி, பிரேக்கைப் போட்டுவிட்டுக் கதை சொன்னாள். எங்கோ படித்து வைத்திருக்கிறாள், எனக்குத் தெரியாமல்.

1970களில் சக்கர நாற்காலியில் வருகிறவர்களை இங்கே பேருந்தில் ஏற்ற மறுத்தார்கள். கூட ஆள் வேண்டும், நாற்காலியை மடிக்க வேண்டும் என்றெல்லாம் நிபந்தனை. 'அவோய் ஷிபா நோ காய்' என்று ஓர் அமைப்பு, பசும்புல் சங்கம் என்று சொல்லலாம், பெருமூளை வாதம் உள்ளவர்களே 1957இல் தொடங்கியது. அவர்கள் 1977 ஏப்ரல் 12 அன்று இந்த இடத்துக்கு வந்தார்கள். நாற்காலிகளோடு பேருந்துகளில் ஏறினார்கள், ஏறி உட்கார்ந்து இறங்க மறுத்தார்கள். பேருந்துகள் நகரவில்லை. ஊர் ஸ்தம்பித்தது. வேலைக்குப் போகிறவர்கள் மெச்சியிருக்க மாட்டார்கள் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

"பாவம், நல்ல பிள்ளைங்கன்னு பேர் வாங்க அவங்க வரல" என்றாள் அக்கா. "உன் ரத்தத்துல ஓடுற இரக்கம் இதுதான்."

அதன் பிறகும் உடனே எதுவும் நடந்துவிடவில்லை. கட்டடங்களுக்கு 1994இல் ஒரு சட்டம், ரயில் பேருந்துக்கு 2000இல் ஒரு சட்டம், இரண்டையும் சேர்த்து 2006இல் ஒன்று. பேருந்தை மறித்தவர்களில் எத்தனை பேர் அதுவரை இருந்தார்களோ.

சும்மா ஒரு பேருந்தில் ஏறினோம், எங்கே போகிறது என்றுகூடப் பார்க்கவில்லை. ஓட்டுநர் ஒரு பொத்தானை அழுத்தியதும் உஸ்ஸென்று காற்று இறங்கி, பேருந்து நடைபாதைப் பக்கமாகச் சாய்ந்தது. யானை பாகனுக்காகக் காலை மடக்குமே, அதே மாதிரி. அவர் இறங்கி வந்து, நடு வாசலில் பலகையை விரித்து, உள்ளே இரண்டு இருக்கையை மடக்கி, நாற்காலியைப் பட்டையால் கட்டி, திரும்பப் போய் உட்கார மூன்று நிமிடம் ஆகியிருக்கும். யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அக்காவுக்குக் கவலை இல்லை என்பது முகத்தில் தெரிந்தது, ஜன்னலோரம் மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள். சென்னையில் 2024இல் புதிய தாழ்தளப் பேருந்துகள் வந்ததும் உயர் நீதிமன்றத்தில் வழக்காடித்தான், தானாக வரவில்லை என்று ஞாபகப்படுத்தினாள். எங்கள் திருச்சி டவுன் பஸ்ஸின் முதல் படி இன்னும் என் முழங்காலுக்கு வருகிறது. எனக்கே மூச்சு வாங்கும்.

நாலு ஸ்டாப் தள்ளி இறங்கி, திரும்பி வந்தோம். சாப்பாடு: கடையில் வாங்கிய தயிரும் பிரட்டும். இதற்கு மேல் சைவமாக இந்த ஊரில் எதிர்பார்க்கக் கூடாது. பியர் கேன் மூடியின் மேல் பிரெய்ல் புள்ளிகள் இருக்கும், விரலால் தடவினால் 'ஒசாகே' என்று வரும், அதாவது சாராயம். ஜூஸ் என்று நினைத்துத் தெரியாமல் குடித்துவிடக் கூடாதே. அக்கா தடவிப் பார்த்துவிட்டு மரியாதையாகத் திரும்ப அடுக்கில் வைத்தாள்.

நான்காம் நாள், ஒசாகா

புல்லட் ரயில். 11வது பெட்டியில் சக்கர நாற்காலிக்கு இடம். புதிய வண்டிகளில் 2021 முதல் ஆறு இடங்கள், ஜன்னலோரம் உட்பட. முன்னால் ஒன்றோ இரண்டோதான். நண்பர்களாகச் சேர்ந்து போகிறவர்கள் ஆளுக்கொரு ரயிலில் போவதா? அந்தக் கேள்வியைக் கேட்க இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. ஃபுஜி மலை மேகத்துக்குள் இருந்தது, பார்க்கவில்லை, பார்த்ததாக எழுதலாம் என்றால் அக்கா விடமாட்டாள்.

மதியம் ஒசாகா கோட்டை. எட்டு மாடி, பச்சைக் கூரை, பொன் மீன்கள். பார்த்தால் நானூறு வருடப் பழசு மாதிரி இருக்கும். ஆனால் ஹிதேயோஷி என்ற அந்தக் கால ஆட்சியாளர் கட்டியது 1615 போரில் எரிந்தது, அடுத்து வந்தவர்கள் கட்டியது 1665இல் இடி விழுந்து எரிந்தது, இப்போது இருப்பது 1931இல் ஊர்க்காரர்கள் பணம் போட்டுக் கட்டிய கான்கிரீட். 1997இல் பழுதுபார்த்தபோது வெளியிலும் ஒரு லிஃப்ட் கோபுரம் சேர்த்தார்கள்.

இந்த லிஃப்டுக்கு ஒரு பிரசித்தி உண்டு. 2019 ஜூனில் ஜி20 தலைவர்கள் இங்கே வந்தபோது விருந்தில் அன்றைய பிரதமர் ஷின்சோ அபே, கோட்டையைத் திரும்பக் கட்டியவர்கள் ஒரே ஒரு பெரிய தப்பு செய்துவிட்டார்கள், லிஃப்ட் வைத்துவிட்டார்கள் என்கிற மாதிரி நகைச்சுவையாகப் பேசினார். யாரைச் சிரிக்கவைக்க நினைத்தாரோ, நாற்காலியில் இருக்கிறவர்கள் சிரிக்கவில்லை, பெரிய கண்டனம் கிளம்பியது. நாகோயா கோட்டையில் இந்தச் சண்டை இன்னும் சூடு. அங்கே மரத்தில் பழையபடியே அச்சு அசலாகக் கட்டப்போகிறோம், லிஃப்ட் வைத்தால் அசல் கெட்டுவிடும் என்று ஒரு கட்சி. 2023இல் அதற்காக நகராட்சி கூட்டிய கூட்டத்தில் லிஃப்ட் கேட்ட மாற்றுத்திறனாளியைச் சிலர் கேவலமாகப் பேசி, மேயர் மன்னிப்புக் கேட்கவேண்டி வந்தது.

நான் கொஞ்சம் அந்தப் பக்கம்தான் இருந்தேன், உண்மையைச் சொல்கிறேன். தஞ்சாவூர்ப் பெரிய கோயில் நந்தி மண்டபத்துப் பக்கத்தில் லிஃப்ட் நின்றால் எனக்கு மனசு ஒப்பாது. அக்காவிடம் சொன்னேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன், அவள் கணக்குப் போட்டாள்: "ராஜராஜன் கட்டினதை இடிக்கச் சொல்லலடா. ஆனா அங்க டியூப் லைட் போட்டிருக்கான், கேமரா வெச்சிருக்கான், கியூவுக்குக் கம்பி போட்டிருக்கான். அப்ப எல்லாம் கெடாத அசல் எனக்கு ஒரு மரப்பலகை போட்டா மட்டும் கெட்டுருமா?"

ஒசாகா லிஃப்ட் வரிசையில் நின்றவர்களை எண்ணினேன். கைக்குழந்தை வண்டிகள் மூன்று, கைத்தடிப் பாட்டிகள் ஐந்தாறு பேர், கணுக்காலில் கட்டுப் போட்ட ஒரு கால்பந்துப் பையன், அக்கா, அப்புறம் படியேறச் சோம்பல்பட்ட நான். மற்றவர்களை ஐந்தாம் மாடியில் இறக்கிவிட்டார்கள், அக்காவை மட்டும் எட்டாவது வரை கொண்டுபோனார்கள், துணைக்கு வந்தவன் என்று எனக்கும் இடம் கிடைத்தது. மேலே காற்று பிய்த்துக்கொண்டு போனது.

ஐந்தாம் நாள், கியோட்டோ

கியோட்டோவைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை, எல்லாரும் எழுதிவிட்டார்கள். சரளைக்கல். கோயில் முற்றமெல்லாம் உருண்டைச் சரளை, முன் சக்கரம் புதைந்துவிடும், பின்னோக்கி இழுத்துக்கொண்டு போனேன், கை விட்டுப்போச்சு. ஓர் இடத்தில் மர மண்டபத்துக்குள் போகுமுன் ஒரு பெண்மணி ஈரத்துணியோடு வந்து நான்கு சக்கரத்தையும் துடைத்துவிட்டார். எங்கள் ஊர்ப் பக்கம் சில கோயில்களில், வெளியே உருண்ட சக்கரம் செருப்புக் கணக்கு, வேறு நாற்காலிக்கு மாறினால்தான் உள்ளே. மாறுவதற்குள் அக்கா படும் பாடு எனக்குத் தெரியும். செருப்பு என்றால் துடைத்துவிட்டால் போயிற்று என்று ஒரு துணி சொல்லிவிட்டது.

காலையில் ஒசாகா மெட்ரோவில் ஏறியதைச் சொல்லியாக வேண்டும். நாங்கள் ஏறிய ஸ்டேஷனில் பிளாட்பாரத்தின் விளிம்பில் ரப்பர் பல் வரிசை, தரை ரயிலின் மட்டத்துக்குக் கிட்டத்தட்ட சமம். மூன்று சென்டிமீட்டர் உயரத்துக்குள், ஏழு சென்டிமீட்டர் இடைவெளிக்குள் இருந்தால் பெரும்பாலான நாற்காலிகள் தனியாக ஏறிவிடும் என்று 2019இல் அரசு ஓர் அளவு சொல்லியிருக்கிறது. பலகை இல்லை, போன் இல்லை, ஆள் இல்லை. அக்கா யாரையும் கேட்காமல், என்னைக்கூடக் கேட்காமல், உருட்டி உள்ளே போய்விட்டாள், நான் கதவு மூடுவதற்குள் ஓடவேண்டி வந்தது. முதல் நாள் பலகைக்காரரைப் பார்த்துக் கண்ணீர் விட்டேனே, அதைவிட இது நன்றாக இருந்தது.

ஆறாம் நாள், ஒகாயாமா

ஒசாகாவிலிருந்து முக்கால் மணி நேரம். வழியில் ஹிமேஜி ஸ்டேஷனில் நின்றபோது தூரத்தில் வெள்ளைக் கோட்டை தெரிந்தது. நிஜமாகவே பழசு, மரம், செங்குத்துப் படி. "பார்த்தாச்சு" என்றாள் அக்கா, ரயில் கிளம்பியது.

ஒகாயாமாவில் பார்க்க அழகான தோட்டம் உண்டு, கறுப்புக் கோட்டை உண்டு. நாங்கள் போனது ஒரு நாற்சந்திக்கு. டாக்ஸி உயரமான டொயோட்டா வண்டி, பக்கவாட்டில் பலகை விரித்து நாற்காலியோடு ஏறலாம். 2017இல் அது வந்த புதிதில் பலகையை விரித்து ஆளை ஏற்றி முடிக்க 63 படிநிலைகளாம், ஓட்டுநர்கள் நாற்காலியைக் கண்டாலே நழுவியிருக்கிறார்கள். புகார் குவிந்தபிறகு 24 ஆக்கினார்கள். எங்கள் ஓட்டுநர் வயதானவர், 24ஐயும் பொறுமையாகச் செய்தார், நடுவில் ஒருமுறை மடிப்புக்கம்பியில் விரலை நசுக்கிக்கொண்டார்.

ஹராவோஜிமா என்ற சந்திப்பு. வண்டிகள் போகின்றன, வருகின்றன. ஓரத்தில் ஒரு நினைவுக்கல். உலகத்தில் முதன்முதலாகப் பார்வையற்றோருக்கு வழிகாட்டும் கல் பதித்த இடம் இதுதான். சென்னை மெட்ரோவில் மிதித்துக்கொண்டு போகிறோமே, மஞ்சளாக, கோடு போட்டதும் புள்ளி வைத்ததும், அதேதான். கோடு என்றால் போகலாம், புள்ளி என்றால் நில், எதிரே ஏதோ இருக்கிறது. மியாகே செய்இச்சி என்று இந்த ஊர்க்காரர். நண்பர் ஒருவருக்குப் பார்வை போய்க்கொண்டிருந்தது, 1965இல் யோசித்தார், கைக்காசைப் போட்டுச் செய்தார், அருகே பார்வையற்றோர் பள்ளி இருக்கிற இந்தச் சாலையில் 230 கற்களைப் பதித்தார். தேதி 1967 மார்ச் 18. (இப்போது அந்த 10 யென் ஞாபகம் வருகிறதா? தெரிந்து வைத்த தேதியா, தற்செயலா, தெரியவில்லை.) கொஞ்ச காலம் யாரும் சீந்தவில்லை. 1970இல்தான் ஒசாகாவில் ஒரு ரயில் பிளாட்பாரத்துக்குப் போனது.

எனக்குச் சிலிர்ப்பாக இருந்தது. கல்லின் முன்னால் படம் எடுக்கலாம் என்று அக்காவைத் தள்ளினேன். நாற்காலி மஞ்சள் கல்மேல் ஏறியதும் கடகடகடவென்று ஆட்டம். வளைந்த கால் பலகை தந்தியடித்தது. "அய்யோ, முதுகு போச்சுடா. நல்ல மனுஷன்தான், எனக்குத்தான் சேராது" என்றாள். ஒரு வாரமாக இந்த மஞ்சள் கல் அவளை ஆட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

படம் எடுத்துவிட்டுச் சாலையைக் கடக்கப் போகும்போது சக்கரம் எதிலோ தட்டியது. நடைபாதை சாலைக்கு இறங்கும் இடத்தில் சின்ன விளிம்பு. ஒரு வாரமாக எல்லா முனையிலும் தட்டுகிறது, கொத்தனார் சரியாகப் பூசவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அக்கா குனிந்து இரண்டு விரலை அணைத்து வைத்துப் பார்த்தாள். "ரெண்டு சென்டிமீட்டர். எல்லா எடத்துலயும் அதேதான். நேத்தே அளந்தேன்."

அறைக்கு வந்து தேடிப் படித்தேன். பூசினவர் தப்பில்லை, வேண்டுமென்றே வைத்த இரண்டு சென்டிமீட்டர். நாற்காலிக்காரர்களுக்கு விளிம்பே இருக்கக் கூடாது. கைத்தடியோடு நடப்பவருக்கோ விளிம்பு இல்லாவிட்டால் நடைபாதை எங்கே முடிந்தது என்று தெரியாமல் நேராக வண்டிகளுக்குள் போய்விடுவார். இருவரும் தாங்கக்கூடிய உயரம் என்று கணக்குப் பார்த்து வைத்த சமரசம். முழுத் திருப்தி இருவருக்கும் இல்லை.

இந்த ஊரிலும் எல்லாம் நடந்துவிட்டதாக நினைக்கவேண்டாம். சாலை கடக்கும் இடத்தில் பச்சை விளக்கு விழுந்தால் குயில் மாதிரியோ கோழிக்குஞ்சு மாதிரியோ சத்தம் வரும், எங்கள் தெருவில் இது இருந்தால் எவ்வளவு அழகு என்று முதல் நாளே நினைத்தேன். ஆனால் பல இடங்களில் அக்கம்பக்கத்தார் தூக்கத்துக்காக ராத்திரி அந்தச் சத்தத்தை நிறுத்திவிடுகிறார்கள். 2018 டிசம்பரில் டோக்கியோவில் அப்படிச் சத்தம் நின்றிருந்த ஒரு சந்திப்பில் விடிவதற்கு முன் கடந்த பார்வையற்றவர் ஒருவர் வண்டி மோதி இறந்துபோனார்.

நடைபாதை முனையில் அக்கா இரண்டு சக்கரத்தையும் ஒரு தட்டுத் தட்டி, முன்பக்கத்தைத் தூக்கி, அந்த விளிம்பைத் தாண்டினாள். "இது எனக்கு வெச்சதில்ல, அவங்களுக்கு வெச்சது. சரி, இருந்துட்டுப் போகட்டும். பசிக்குது, ஏதாவது வாங்கிக் குடு" என்றாள்.

திரும்பி வந்த பிறகு, திருச்சி

நாற்காலி முழுசாக வந்து சேர்ந்தது. சென்னையில் இறங்கும்போது எனக்குத்தான் இடுப்புப் பிடித்துக்கொண்டது, விமான நிலைய நாற்காலியில் என்னை உட்காரவைத்துத் தள்ளினார்கள். அக்கா தன் நாற்காலியில் பக்கத்திலேயே வந்துகொண்டு வழியெல்லாம் சிரித்தாள்.

நூறு யென் கடையில் எல்லாரும் கீசெயின் வாங்கும்போது அவள் ஓர் அளவு டேப் வாங்கினாள். ஏன் என்று அப்போது கேட்கவில்லை. திங்கட்கிழமை வங்கி திறப்பதற்கு அரை மணி முன்பே என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். வாசலில் சாய்தளம் இருக்கிறது, 'மாற்றுத்திறனாளிகளுக்கு' என்று நீலப் பலகைகூட உண்டு. பதினோரு வருடமாக அதில் அவளை வாட்ச்மேன்தான் தள்ளி ஏற்றுகிறார், இறங்கும்போது பின்பக்கமாக, கண்ணை மூடிக்கொண்டு.

உயரம் 60 சென்டிமீட்டர். சாய்தளத்தின் நீளம் 2 மீட்டர் 10. ஜப்பானோ இந்தியாவோ கணக்கு ஒன்றுதான், ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம், அப்படியென்றால் 7 மீட்டர் 20 வேண்டும். இருக்கிற கட்டடங்களைச் சரிசெய்ய 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கொடுத்த ஐந்து வருடக் கெடு, விதிகள் வந்த 2017இலிருந்து எண்ணினால், 2022லேயே முடிந்துவிட்டது. தரங்கள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக்குங்கள் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அக்காவுக்கு இதெல்லாம் தலைகீழ்ப் பாடம்.

"ஏழு மீட்டருக்கு எங்கக்கா இடம்? ரோட்டுக்குப் போயிடும்" என்றேன்.

"நேரா ஏன் போகணும்? ஏடிஎம் பக்கம் ஒரு திருப்பம் குடுத்தா வரும்." பணம் எடுக்கும் சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டுக்கொண்டே சொன்னாள். மேலதிகாரிக்கு அனுப்பப்போகிறாளாம். அப்புறம் வாட்ச்மேனைப் பக்கத்தில் நின்ற ஸ்கூட்டரை நகர்த்தச் சொன்னாள், என்னைப் பார்த்து, "அங்க செவுத்தோரம் போய் நில்லு. டேப்பை நேராப் பிடிடா, தொங்குது" என்றாள்.